நகம் போன பூனைக்குத் துணையிரு

கண்ணா, அமெரிக்கா வந்த புதிதில், சோபாவைக் கிழிக்கிறதென்று என் பூனையின் நகங்களை எடுக்கச் சம்மதித்தவள் நான். இன்று உன் வீட்டிலும் ஒரு பூனை புண்பட்ட பாதங்களோடு வந்திருக்கிறது. நான் செய்த தவறுகளை நீயும் செய்யாதிருக்கவே இதை எழுதுகிறேன்.

1. நடந்தது என்னவென்று முதலில் தெரிந்துகொள். நகத்தோடு ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் எடுத்துவிடுகிறார்கள். முன்னங்கால்கள் இரண்டிலும் சேர்த்துப் பத்து விரல்கள். "நகம்தானே" என்று நினைத்திருந்தவரை அதன் வலி எனக்கு உறைக்கவில்லை.

2. பூனை வலியை ஒளித்துவைக்கும். என்னுடையது மூன்று நாள் கட்டிலடியில் கிடந்தது. சமர்த்தாகத் தூங்குகிறது என்றிருந்தேன். தீனியைத் தொடாவிட்டால், பாதம் வீங்கினால், ரத்தம் கசிந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடு. அவர் தந்த வலி மருந்தை வேளை தவறாமல் கொடு. உன் வலி மாத்திரை டைலனாலை மட்டும் கொடுத்துவிடாதே. ஒரு மாத்திரையே பூனையின் உயிரைக் குடிக்கும்.

3. அது மலஜலம் கழிக்கும் பெட்டியில் வழக்கமான களிமண் மணல் வேண்டாம், புண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்குக் கிழித்த காகிதம் போடு. நான் மாற்றவில்லை. மிதித்தால் வலிக்கிறதென்று அது பெட்டிப் பக்கமே போகாமல் கம்பளத்தை நனைத்தது, நான் அதட்டினேன். சுட்ட இடத்தில் யார் மறுபடி கால்வைப்பார்? அது காதை மடக்கிக்கொண்டு சுவரோரம் ஒடுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நனைத்தால் துடைத்துவிடு, குரலை உயர்த்தாதே.

4. சின்ன அறையில் வை, தாவவிடாதே. புண்ணை நக்காதிருக்க மாட்டிய கழுத்துக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றாதே.

5. புண் ஆறிய பிறகும் வெளியே விடாதே. நாய் துரத்தினால் மரமேறித் தப்புவது அதற்குக் கடினம். நகம் போன பூனை பல்லை நம்பும். கடித்தால் கோபிக்காமல் விலகி உட்கார். பயம் தெளிய நாளாகும். என் மடிக்கு அது திரும்பிவர ஆறு மாதமாயிற்று. அதுவரை நான் தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டேன், பக்கத்தில் இருக்கட்டுமென்று.

6. நாளை இன்னொரு பூனை வந்தால், இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை நகநுனியைக் கத்தரி, பிறாண்டக் கயிறு சுற்றிய கம்பம் ஒன்று நட்டுவை. நகமெடுக்கும் அறுவையை நியூயார்க் மாநிலம் 2019-இல் தடைசெய்துவிட்டது. தடையில்லாத ஊர்களில், கேட்டால் செய்துகொடுப்பவர்கள் இன்னும் உண்டு. நீ கேட்காதே, கண்ணா.