அலைகளைப் பிரித்தறிந்த பொறியாளர்

நுழையும்முன்

கைப்பேசிச் செய்திகளைச் சுமந்து வரும் மின்காந்த அலைகள் கண்ணுக்குப் புலனாவதில்லை. அவ்வலைகளை ஆளும் நெறியைக் கண்டவர்களும் பெரும்பாலும் அறியப்படுவதில்லை. அவர்களுள் ஒருவரான ஆரோக்கியசாமி பால்ராஜின் தொழில்வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஒரகடம் அமைந்துள்ளது. வாகன ஆலைகள் மிகுந்த அப்பகுதியில், கைப்பேசிக் கோபுரங்களுக்கான கருவிகளை உருவாக்கும் நோக்கியா தொழிற்சாலையும் இயங்குகிறது. அங்கு உருவாகும் ஐந்தாம் தலைமுறைக் கருவிகளுக்கு அடிப்படையானது 'மைமோ' என்னும் நுட்பம். அதற்கு வித்திட்டவர் தமிழ்நாட்டில் பிறந்த பால்ராஜ் ஆவார்.

கடலில் கற்ற பாடம்

பால்ராஜ் 1944ஆம் ஆண்டு பொள்ளாச்சியில் பிறந்தார். இளமையிலேயே இந்தியக் கடற்படையில் இணைந்தார். கடற்படை அவரைத் தில்லி ஐ.ஐ.டி.யில் உயர்கல்வி பயில அனுப்பியது. 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். 1971ஆம் ஆண்டுப் போரில் 'குக்ரி' என்னும் இந்தியப் போர்க்கப்பல் பகைவரின் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்டு மூழ்கியது. நீருக்கடியில் மறைந்திருப்பதை ஒலியால் கண்டறியும் சோனார் கருவியை மேம்படுத்துவது உடனடித் தேவையாயிற்று. அப்பணியைப் பால்ராஜ் ஏற்றார். பின்னர்க் கொச்சியில் அவர் தலைமையிலான குழு 'அப்சோ' என்னும் சோனாரை உள்நாட்டிலேயே உருவாக்கியது.

தடை தந்த பயன்

1991இல் ஓய்வுபெற்றபின் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். வானலைகள் சுவர்களிலும் மரங்களிலும் பட்டுச் சிதறிப் பல வழிகளில் வந்துசேர்வது, அதுவரை தகவல்தொடர்பின் குறையாகவே கருதப்பட்டது. பால்ராஜ் அதனைப் பயனுள்ளதாக்கினார்.

இரு ஆன்டெனாக்கள் ஒரே அலைவரிசையில் இருவேறு செய்திகளை அனுப்புவதாகக் கொள்வோம். பெறுமிடத்திலுள்ள இரு ஆன்டெனாக்களும் அவற்றைக் கலவையாகவே பெறும். இரண்டு கலவைகளும் ஒன்றுபோல் இருந்தால் செய்திகளைப் பிரிக்க இயலாது. அலைகள் சிதறி வருவதால் கலவைகள் வேறுபடுகின்றன. இரு மாறிகளுக்கு இரு வேறுபட்ட சமன்பாடுகள் கிடைப்பதுபோல் விடை கிடைத்துவிடுகிறது. எனவே, கூடுதல் அலைவரிசையின்றியே கூடுதல் செய்தியை அனுப்ப முடிகிறது.

இக்கருத்துக்குத் தாமஸ் கைலாத்துடன் இணைந்து 1992இல் காப்புரிமை கோரினார். 1994இல் அது வழங்கப்பட்டது. தொடக்கத்தில் பலர் ஐயுற்றனர். எனவே, 1998இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி நடைமுறையில் மெய்ப்பித்தார். இன்று வைஃபை, நான்காம், ஐந்தாம் தலைமுறைச் சேவைகள் அனைத்திலும் இந்நுட்பம் இடம்பெற்றுள்ளது. 2010இல் பத்மபூஷண் விருதும் 2014இல் மார்க்கோனி பரிசும் அவரைச் சிறப்பித்தன.

மாணவர்க்கு உரியது

கடலில் ஒலியலையை ஆராய்ந்தவர் வானலைத் துறைக்கு மாறினார். துறை மாறினாலும், கலந்து வரும் அலைகளைப் பிரித்தறியும் கணிதம் மாறவில்லை. மேனிலை வகுப்பில் பயிலும் அணிகளே அதன் தொடக்கம். ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் கருவிகளை இணைக்கவும் சோதிக்கவும் கற்கும் இளைஞர், அவற்றை வடிவமைக்கும் நிலைக்கு உயர்வதற்கு இவ்வடிப்படை அறிவே படிக்கட்டாகும். கருவிகள் பழையனவாகிக் கழியும். அடிப்படையைத் தெளிந்தவர் அடுத்த கருவியையும் ஆக்குவர்.

கற்பவை கற்றபின்

1. குறையெனக் கருதப்பட்ட ஒன்று பயனாக மாறிய வேறோர் அறிவியல் நிகழ்வைக் கண்டறிந்து வகுப்பறையில் உரையாற்றுக.
2. உம் ஊரிலுள்ள தொழிற்கூடம் ஒன்றில் பயன்படும் இயற்பியல், கணிதக் கருத்துகளைக் கேட்டறிந்து தொகுக்க.