சமையல் தழைப்பயிர்களைத் தண்டினால் விருத்தி செய்தல்

கரும்பை விதை கொண்டு பயிரிடும் குடியானவர் எவருமில்லர். கரணை கொண்டே நடுவர். மரவள்ளிக்குக் குச்சியும், முருங்கைக்குப் போத்தும், மல்பெரிக்குத் தண்டும் நடுவது கொங்கு நாட்டில் யாவரும் அறிந்த வழக்கமே. ஆயினும் வயலில் நன்கறிந்த இம்முறையை வீட்டுப் புழக்கடையில் கையாளுவோர் சிலரே. புதினாவின் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டைக் குப்பையில் எறிந்துவிட்டு, மறுவாரம் அதே தழையைச் சந்தையில் விலைக்கு வாங்கும் வீடுகள் பல உண்டு. சந்தைத் தழையின்மீது எம்மருந்து எப்பொழுது தெளிக்கப்பட்டது என்பதை வாங்குவோர் அறிய வழியில்லை. துவையலிலும் சட்டினியிலும் இத்தழைகள் பச்சையாகவே சேர்க்கப்படுவதுமுண்டு. ஆகையால் வேண்டிய தழையை வீட்டிலேயே விளைத்துக்கொள்வது செலவைக் குறைப்பதோடு தேகநலத்துக்கும் ஏற்றதாகும்.

தண்டு நடுவதன் தத்துவம்

தண்டிலிருந்து உண்டாகும் செடி தாய்ச்செடியின் குணங்களை மாறாமல் உடையது. 1912-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், நாட்டுக் கரும்பையும் காட்டுக் கரும்பையும் சேர்த்து உண்டாக்கிய கோ. 205 என்னும் இரகம் 1918-இல் வெளியாயிற்று. ஒரே விதையினின்று முளைத்த ஒரு நாற்றின் கரணைகளே வட இந்தியாவில் பல வயல்களுக்கும் பரவின. தாயின் நற்குணம் பெருகுவதைப் போலவே தாயின் நோயும் பெருகும் என்பது மறக்கத்தக்கதன்று. கரும்பின் செவ்வழுகல் நோய் பெரும்பாலும் கரணை வழியாகவே பரவுவது விவசாயிகள் அறிந்ததே. ஆகவே தழைப்பயிரிலும் தாய்ச்செடியைத் தெரிந்தெடுப்பதே முதற்காரியமாகும்.

எது தண்டில் வளரும், எது வளராது

எல்லாத் தழைகளும் தண்டிலிருந்து வளருவன அல்ல. இந்த வேற்றுமையை அறியாது நட்டு, முயற்சி வீணாகக் கண்டு சலிப்படைவோர் பலர்.

1. புதினா: இது கணுவில் எளிதாக வேர்விடும். பூவாத, முற்றலும் மிக இளசும் அல்லாத தண்டை 4 அங்குல நீளத்துக்கு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டவேண்டும். கீழ்ப்பாதியிலுள்ள இலைகளைக் களைந்து, நுனியில் இரண்டு மூன்று இலைகளை மட்டும் விடவேண்டும். இரண்டு கணுக்களேனும் மண்ணுக்குள் இருக்குமாறு நடுதல் அவசியம். சந்தையில் வாங்கிய வாடாத தண்டும் இதற்கு உதவும். நட்ட இரண்டு மாதத்தில் முதல் அறுவடை செய்யலாம். இலையின் அடியில் செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் காணப்பட்டால் அது துரு நோய். அச்செடியிலிருந்து தண்டு எடுக்கலாகாது. வேர்முடிச்சுப் புழு இருக்கும் தோட்டத்திலிருந்து மண்ணோடும் வேரோடும் பெயர்த்த தூரைக் கொண்டுவருவதினும், மண்படாத நுனித்தண்டைக் கொண்டுவருவதே பத்திரமானது.

2. கற்பூரவல்லி: இதன் தண்டு சதைப்பற்றுள்ளதாகையால் ஈரம் மிகுந்தால் அழுகும். வெட்டிய தண்டைச் சில மணி நேரம் நிழலில் வைத்து, வெட்டுவாய் உலர்ந்தபின் நடவேண்டும். மண் காய்ந்த பிறகே மறுதண்ணீர் விடுதல் நலம்.

3. கறிவேப்பிலை: காரமடை, மேட்டுப்பாளையம் பகுதிகளில் இது தோட்டப்பயிராகவே விளைகிறது. மணத்துக்குப் பெயர்பெற்ற செங்காம்பு இரகம் இங்கு யாவரும் விரும்புவது. இதன் கிளைத்தண்டு எளிதில் வேர்விடுவதில்லை. தாய்மரத்தின் குணம் மாறாமல் வேண்டுவோர், மரத்தைச் சுற்றி வேரினின்று எழும் பக்கக்கன்றுகளைக் கொள்ளவேண்டும். கன்றைத் தாயோடு இணைக்கும் வேரை முதலில் அறுத்து, அதே இடத்தில் மூன்று நான்கு வாரம் விட்டுவைத்து, தனக்கெனப் புதுவேர் விட்டபின் மண்கட்டியோடு பெயர்த்தல் நன்று. விதை கொண்டு வளர்ப்போர் ஆடி, ஆவணியில் கிடைக்கும் பழத்தின் சதையை நீக்கி, மூன்று நான்கு நாட்களுக்குள் விதைக்கவேண்டும். உலர்த்திச் சேமித்த விதை முளைப்பது அரிது.

4. கொத்துமல்லி: இது விதையினாலன்றி விருத்தியாகாது.

1935-ஆம் ஆண்டளவில் மேல்நாட்டு விஞ்ஞானிகள், இண்டோல் பியூட்ரிக் அமிலம் என்னும் மருந்து வெட்டிய தண்டில் வேர்விடுதலைத் தூண்டுவதைக் கண்டனர். இன்று அது நாற்றுப்பண்ணைகளில் வழங்குகிறது. புதினாவுக்கும் கற்பூரவல்லிக்கும் அதற்கெனப் பணம் செலவிடுவது அநாவசியம்.

பருவமும் காற்றும்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது விதைக்குப் பொருந்தும் பழமொழி. தண்டுக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று, கோயமுத்தூர்ச் சமவெளியில் மழையைக் குறைவாகவும் வேகத்தை மிகுதியாகவும் கொண்டுவருவது. வேரற்ற தண்டு நீரை உறிஞ்சமாட்டாது; அதன் இலையோ காற்றுக்கு நீரை இழந்துகொண்டே இருக்கும். வரவின்றிச் செலவு மிகுந்தால் தண்டு வாடி மடியும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்று தணிந்து ஈரம் மிகுவதால் அதுவே தண்டு நடுதற்கு உகந்த காலம். பிற காலங்களில் நடுவோர், சுவரின் மறைவிலோ மரநிழலிலோ நட்டு, வேர்விடும்வரை ஈரச்சாக்கினால் காற்றைத் தடுக்கவேண்டும்.

மண்ணும் நீரும்

கரிசல் மண் நீரைத் தேக்கித் தண்டை அழுகச் செய்யும். செம்மண்ணும் மணலும் சமபாகமாகக் கலந்த தொட்டியே ஏற்றது. பொள்ளாச்சிப் பக்கங்களில் மணலுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவைக் கொள்ளலாம். ஆனால் அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் நீங்க, நல்ல நீரில் பலமுறை அலசியபின்பே பயன்படுத்தவேண்டும். வேர்விடும்வரை எருவிடுதல் கூடாது. பசுஞ்சாணம் தண்டை அழுக்கிவிடும். புதுத்துளிர் கண்டபின் மட்கிய எருவைச் சிறிது இடலாம். உப்புக் கிணற்று நீரினும் பிடித்துவைத்த மழைநீர் சிறந்தது. சோப்பு நீர் பாயும் வாய்க்காலோரத்தில் நடுவது தகாது.

ஓர் எச்சரிக்கை

எலுமிச்சை, நாரத்தை முதலியவற்றுக்குப் பசுமை நோயைக் கொண்டுசெல்லும் சைலிட் என்னும் சிறுபூச்சி, கறிவேப்பிலைத் தளிரிலும் பெருகுவது. அந்நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்த வழியில்லை. ஆகையால் எலுமிச்சைத் தோப்புடையோர் கறிவேப்பிலையைத் தோப்பின் நடுவிலும் ஓரத்திலும் வையாது, வீட்டுப் புறத்தில் தொலைவில் வைக்கவேண்டும். பூச்சி கண்ட தளிரைக் கிள்ளி அழித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

1982-ஆம் ஆண்டில் விரிவாகத் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தினால் கிராமப் பள்ளிகளில் சமையற்கூடங்கள் ஏற்பட்டுள்ளன. நீர் வசதியுள்ள பள்ளியில் 10 அடி நீளமும் 3 அடி அகலமுமுள்ள ஒரு தாய்ப்பாத்தியை ஏற்படுத்தி, நோயற்ற புதினாவும் கற்பூரவல்லியும் ஓரத்தில் இரண்டு கறிவேப்பிலைக் கன்றுகளும் வைத்தால், குழந்தைகளின் உணவுக்குத் தழை கிடைப்பதோடு ஊரார்க்கும் நல்ல தண்டு கிடைக்கும். கோடை விடுமுறையில் நீர் விடுவார் இன்றி இத்தகைய பாத்திகள் அழிவது இயல்பு. ஆகவே பாத்தி அமைக்கும் நாளிலேயே, பங்குனி முதல் வைகாசி வரை நீர் விடும் பொறுப்பை இன்னாரென்று பெயர் குறித்து ஒப்படைத்தல் வேண்டும். அங்ஙனம் ஒப்படைக்க ஆளில்லாத இடத்தில், கோடை கழிந்து காற்றும் தணியும் ஐப்பசிவரை பொறுத்திருந்து தொடங்குவதே மேல்.