கடைச் சாப்பாடும் கலோரிக் கணக்கும்

சம்பளம் போட்ட வாரம் டவுனுக்குப் போனால் கடையில் சாப்பிடாமல் திரும்புவோர் குறைவு. அதில் தப்பில்லை. ஆனால் இனிப்புநீர் உள்ள சிலர், "டிரசர் ஐயா, கலோரி அட்டவணை பார்த்துத்தான் சாப்பிடுறேன், இனிப்பு இறங்க மாட்டேங்குதே" என்கிறார்கள்.

அட்டவணை பொய்யல்ல. ரொட்டி சானாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 கலோரி என்று அதில் இருக்கும். அது 95 கிராம் எடையுள்ள ரொட்டிக்குப் போட்ட கணக்கு. கடைக்காரர் மாவைத் தராசில் வைத்தா உருட்டுகிறார்? எண்ணெயும் கையில் வந்த அளவுதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. ரொட்டிக்குள் போய்விட்டால் கண்ணுக்குத் தெரியாது.

சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. நாசி கண்டார் தட்டில் 300 கிராம் விழுந்தால் 390. 'பஞ்சிர்' என்று குழம்பை ஊற்றச் சொன்னால் தேங்காய்ப்பாலும் எண்ணெயும் தனிக்கணக்கு. காசு கொடுத்த சோற்றை மிச்சம் வைக்கவும் நமக்கு மனசு வராதே!

ஆகவே எண்ணை விட்டுத் தட்டைப் பாருங்கள். சுகாதார அமைச்சு சொல்வது: சோறு கால் பங்கு, மீன் அல்லது கோழி கால் பங்கு, காய்கறியும் பழமும் பாதி. "அண்ணே, சோறு பாதி போதும்" என்று போடுமுன்பே சொல்லிவிடுங்கள். தே தாரிக்கில் டின் பால் இனிப்பு. 'தே ஓ கோசோங்' கேளுங்கள்.

இனிப்புநீருக்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் சோற்றை ஒரேயடியாகக் குறைக்குமுன் கிளினிக்கில் சொல்லுங்கள். மருந்தளவு பழையபடியே இருந்தால் இனிப்பு மிகவும் இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, மயக்கம் வரக்கூடும்.