பள்ளிக் குழுத் தேர்தலும் கணக்கும்

கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடி வைத்தியநாதர் ஆலய விமானத்தைப் பிரித்துப் புதுப்பிக்க முதலாம் இராஜராஜன் உத்தரவிட்டபோது, சுவரிலிருந்த சாஸனங்கள் முதலில் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. பின்னர் இராஜேந்திரன் காலத்தில் மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. பொதுச் சொத்துக்கு எழுத்தே காவல் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

முதலாம் பராந்தகன் ஆட்சியில், சுமார் 920இல், உத்திரமேரூர்ச் சபையார் வகுத்த குடவோலை விதிகளும் இதனையே வற்புறுத்தின. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மறுமுறை விலக்கப்பட்டனர். ஆயினும் நிலமில்லாதாருக்கு அத்தேர்தலில் இடமில்லை.

இன்றைய நியதி வேறு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவின்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். காணி நிலமில்லாத தாயும் அங்கத்தினராகலாம். பள்ளியின் நடைமுறையைக் கவனித்தல், வளர்ச்சித் திட்டம் தயாரித்தல், மானியச் செலவைக் கண்காணித்தல் ஆகியவை குழுவின் கடமைகள்.

கூட்டுறவுச் சங்கத்தார் மகாசபையில் வரவு செலவு கேட்டுப் பழகியவர்கள். அவ்வழக்கம் பள்ளிக்கும் வேண்டும். ஒருவரைத் தேர்ந்தெடுக்குமுன் சிந்திக்கத்தக்கவை மூன்று: கூட்டத்துக்குத் தவறாமல் வருவாரா? மானியக் கணக்கைக் கேட்டுப் பார்ப்பாரா? தம்மவர்க்கெனச் சலுகை நாடாதிருப்பாரா? தேர்ந்தெடுத்தோர் பின்னர் கணக்குக் கேளாவிடில், தேர்தல் ஒருநாட் சடங்காகவே முடியும். நஷ்டம் குழந்தைகளைச் சாரும்.