பெருங்குற்றிகளை அறுக்கச் சங்கிலி வாள்: குறைந்த செலவில் தெரிந்தெடுக்கும் முறை

கிருலப்பனையூடாகச் செல்லும் ஹைலெவல் வீதி கொழும்பை அவிசாவளையுடனும் இரத்தினபுரியுடனும் இணைக்கின்றது. இவ்வழியே தலைநகருக்கு வந்து கருவிகள் வாங்கிச் செல்லும் கமக்காரர் பலராவர். தென்மேற் பருவக்காற்றில் வயல் வரம்பிலோ மரக்கறித் தோட்டத்திலோ பெருமரம் சாயின், அதனைத் துண்டாக்கச் சங்கிலி வாள் பேருதவி புரியும். ஆயினும் மிகப் பெரிய வாளே சிறந்ததென எண்ணிப் பொருளை விரயஞ் செய்தல் கூடாது. ஆண்டில் ஓரிரு மரங்களை மட்டும் அறுப்போர் வாளை வாடகைக்கு அமர்த்துதலே இலாபகரமானது.

1. அலகின் நீளம்

அலகு குற்றியின் விட்டத்திலும் 2 அங்குலம் மிகுந்திருத்தல் நன்று. எனினும் எப்போதாவது வரும் பெருங்குற்றிக்காக நீண்ட அலகு வாங்க வேண்டியதில்லை. இரு பக்கங்களிலுமிருந்து அறுப்பின், 20 அங்குல அலகு 3 அடி விட்டமுள்ள குற்றியையும் துண்டாக்கும்.

2. எஞ்சினின் அளவு

18 அங்குல அலகுக்கு ஏறத்தாழ 50 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், 20 அங்குலத்துக்கு 55 முதல் 60 வரையும், 24 அங்குலத்துக்கு 70க்குக் குறையாமலும் வேண்டும். சிறிய எஞ்சினில் நீண்ட அலகைப் பூட்டினால் சங்கிலியின் வேகம் குன்றும். எஞ்சின் சூடேறிப் பழுதுறும்.

3. வாங்குமுன் நோக்க வேண்டியவை

சங்கிலி, அலகு, காபரேற்றர், இழுகயிறு ஆகியன அண்மையிலுள்ள கடைகளிற் கிடைக்குமா என விசாரித்தறிதல் வேண்டும். உதிரிப்பாகங் கிடையாத மலிவு வாள் முதற் பழுதுடன் பயனற்றுப்போம். பாவித்த வாளாயின், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கயிற்றை மெல்ல இழுத்துப் பார்க்குக. எதிர்ப்பின்றி வரின் அமுக்கம் குறைந்துள்ளது. புகைபோக்கியைக் கழற்றி, பிஸ்டனிற் கீறல்கள் உளவா எனவும் நோக்குக.

2019ஆம் ஆண்டில் சங்கிலி வாள்களைப் பொலிஸ் நிலையங்களிற் பதிவு செய்யுமாறு அரசாங்கம் பணித்தது. ஆதலாற் பதிவுச் சான்றில்லாத வாளை விலை மலிவென்று வாங்கலாகாது.

4. சங்கிலியும் எண்ணெயும்

கூரிய சங்கிலி மரத்தைச் சிராய்களாக வெட்டும், மழுங்கியது தூளாக்கும். தென்னை, பனை ஆகியவற்றின் வன்மையான புறப்பகுதியும் குற்றியில் ஒட்டிய மண்ணும் பற்களை விரைவில் மழுங்கச் செய்வன. இத்தகைய வேலைக்குச் சதுர முனைப் பற்களிலும் உருண்ட முனைப் பற்களே நெடுநேரம் கூர்மை காப்பன. மாற்றுச் சங்கிலியொன்றும் அதற்குப் பொருந்திய உருண்டை அரமும் வாளுடனேயே வாங்குக. 50க்கு 1 என விதிக்கப்பட்ட எஞ்சினுக்கு, 1 லீற்றர் பெற்றோலில் 20 மில்லிலீற்றர் இருவீச்சு எஞ்சின் எண்ணெய் கலத்தல் வேண்டும். அலகுக்குரிய எண்ணெயைத் தனியே வார்த்தல் வேண்டும்.

5. உயிர்க்காப்பு

அலகு நுனியின் மேற்பகுதி மரத்திற் பட்டால் வாள் கணப்பொழுதில் முகத்தை நோக்கி எகிறும். ஆகவே சங்கிலித் தடுப்பு இயங்காத வாளை எவ்விலைக்கும் ஏற்கலாகாது. தலைக்கவசம், கண்மறைப்பு, காதடைப்பு, காற்காப்பு, வன்மையான பாதணி ஆகியவற்றின் விலையை முதலில் ஒதுக்கி, எஞ்சிய தொகைக்கேற்ற வாளைத் தெரிவு செய்க.

6. அனுமதி

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் பலா, ஈரப்பலா, பனை முதலியவற்றைத் தறிக்குமுன் பிரதேச செயலகத்தில் அனுமதி பெறுதல் வேண்டும்.

நடுத்தர அளவான வாள், கூரிய சங்கிலி, முறையான காப்பணி ஆகிய இம்மூன்றும் அமையின் சிறு முதலுடைய கமக்காரரும் பெருங்குற்றியை ஊறின்றி அறுத்துப் பயன்பெறலாம்.