மீட்கப்பட்ட தாடி ஓணான் உண்ண மறுத்தால்

ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பிரதேசங்களைத் தாயகமாகக் கொண்ட பியர்டட் டிராகன் என்னும் தாடி ஓணான், பராமரிப்பின்றி மெலிந்து, வாலின் அடி ஒட்டி, கண் குழிந்த நிலையில் நம் வசம் வந்து சேரும்போது, அது உண்ண மறுப்பதைக் கண்டு பதறி, வாயைத் திறந்து பலவந்தமாக ஊட்ட முற்படுவது பெரும் அபாயம். சுற்றுப்புற உஷ்ணத்தை நம்பியே ஜீரணிக்கும் பிராணியாகையால், குளிர்காயும் இடத்தில் சுமார் 40 டிகிரி செல்சியஸும், ஒதுங்கும் மறுகோடியில் 25 முதல் 28 டிகிரியும், பகலில் 12 மணி நேரம் புற ஊதா விளக்கும் அமைந்தாலன்றி அதற்குப் பசி எழாது. இதனைச் சீர்செய்யாமல் ஆகாரத்தை மாற்றி மாற்றி வைப்பது வீண். அடுத்தது ஜலம்: மூக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக விட்டால் நக்கிக் குடிக்கும். பிறகு, இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மிஞ்சாத சிறு பூச்சிகளைக் கால்சியம் தூள் தூவிக் கொடுத்து, எஞ்சியவற்றை அன்றே அகற்றிவிட வேண்டும். இல்லையேல், எஞ்சிய சுவர்க்கோழி போன்ற பூச்சிகள் இரவில் ஓணானையே கடித்துவிடும். புதிய இடத்தின் அச்சம் தணிய, சில தினங்கள் அதிகம் தொடாமல் விடுவதும் சிகிச்சையே. குடற்புழுக்களும் காக்சிடியா என்னும் ஒட்டுண்ணியும் பசியைக் கெடுப்பது சகஜமாதலால், தாமதியாமல் ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டி, மலத்தையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். எடை தொடர்ந்து குறையுமானால், குழாய் வழியே ஊட்டுவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.