கிரயம் முடிந்த பின் வரும் வீட்டுப் பிணக்குகள்

பத்திரப் பதிவு முடிந்து சாவி கைக்கு வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறோம். நம் டிரஸ்ட்டுக்கு வரும் வீட்டுப் பிணக்குகள் பல அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. முதல் மழையில் தளம் ஒழுகும். பழைய வீட்டு வரி பாக்கிக்கு நோட்டீஸ் வரும். சில வீடுகளில், விற்றவரின் சகோதரி வந்து தன் பங்கைக் கேட்பார்.

ஈரமான தானியத்தைக் குவியலுக்குள் மறைத்து விற்றவரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தது மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஓதம் ஏறிய சுவருக்குப் பெயிண்ட் அடித்து விற்பதும் அந்த வகைதான். விற்பனைக்கு முன்பே இருந்த மறைவான குறை பிறகு தெரிய வந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹில் இதை 'கியாருல் ஐபு' என்பார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் குறை தெரிந்ததும் தாமதிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஹனஃபியில் அவ்வளவு அவசரம் இல்லை. ஆனாலும் தெரிந்த பின் வாடகைக்கு விட்டால், இடித்துக் கட்டினால், குறையை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே கொத்தனாரைக் கூப்பிடும் முன் போட்டோ எடுங்கள், விற்றவரை வரவழைத்துக் காட்டுங்கள், எழுத்திலும் கொடுங்கள்.

1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55 ஆவது பிரிவும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் சொல்லியாக வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கிரயத் தேதி வரையிலான வரி பாக்கியும் அவர் பொறுப்பு. கண்ணுக்கு எதிரே தெரிந்த விரிசலுக்கு இந்தப் பிரிவு உதவாது. பில்டரிடம் புதிய ஃபிளாட் வாங்கியவர்களுக்கு 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது. ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும்.

பங்கு விவகாரம்தான் நம் சமுதாயத்தில் கனமானது. வாப்பா மவுத்தான பின் ஃபராயிள் பிரிக்காமலேயே அண்ணன் ஒருவர் முழு வீட்டையும் விற்றுவிடுகிறார். நம் ஷரீஅத் சட்டப்படி அவர் விற்றது அவர் பங்கை மட்டுமே. தாய் தன் சிறு பிள்ளைகளின் பங்கை விற்றிருந்தாலும், கோர்ட் அனுமதி இல்லையென்றால் செல்லாது. 1918 லேயே பிரிவி கவுன்சில் இதைத் தீர்ப்பாகச் சொல்லிவிட்டது. இப்படிப் பஞ்சாயத்து வரும்போது, "அவங்க ரொக்கம் கொடுத்து வாங்கிட்டாங்க, நீ விட்டுக் கொடும்மா" என்று சகோதரியிடம் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் இதை ஏற்பதில்லை. அவர் ஹக்கை அவர்தான் விட முடியும், அதுவும் மனம் ஒப்பி. வாங்கியவர் அவரிடம் சண்டைக்குப் போகாமல், அவர் பங்குக்குத் தனியாகக் கிரயம் எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தொகையை விற்றவரிடம் கேட்பதே நியாயம். உரிமைக் குறைவுக்கு விற்றவரே பொறுப்பு என்றும் அதே 55 ஆவது பிரிவு சொல்கிறது.

கோபத்தில் "பத்திரத்தை ரத்து பண்ணுறேன்" என்று ஓட வேண்டாம். பதிவான கிரயத்தை ஒருவர் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. முதலில் ஜமாஅத்தில் பேசுங்கள். அங்கே எழுதிக் கையெழுத்திட்டது கோர்ட் தீர்ப்பு ஆகாது என்பதால், முடிவானதைத் தாலுகா சட்டப் பணிகள் குழு வழியாக லோக் அதாலத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது. அங்கே கட்டணம் இல்லை, அந்த உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். பேச்சு இழுத்துக்கொண்டே போனால் காலக்கெடுவைக் கவனியுங்கள். நஷ்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுதான்.

எங்களிடம் வருபவர்கள் தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகலோடு வாருங்கள். பேசிய விலை ஒன்று, பத்திரத்தில் எழுதிய விலை வேறு என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும்போது பத்திரத்தில் உள்ள தொகையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.